நேசபாய் மாமி நிறுத்திய இடம்

அன்று கோவிலில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, "உனக்கு யார் சொன்னது?" என்று கேட்க வேண்டியிருக்காது.

ஆர்மோனியத்தின் முன்னால் இஸ்ரவேல் உபதேசியார். அதன் பின்பக்கம் துருத்தியைப் பிடித்துக்கொண்டு என் தங்கை ஜெபகுமாரி, வயது பத்து. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் எங்கள் அப்பா ஜேசுதாஸ். வாசலில், மணி அடிக்கும் ஞானசிங். பெண்கள் பக்கம் எங்கள் அம்மை சத்தியபாய், கைக்குழந்தையோடு பேபி அக்கா, இருவருக்கும் நடுவில் நான், ராகேல், வயது பதினான்கு. எங்கள் சபையார் எல்லாரும். பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து விருந்தினர் முப்பது பேர். வராந்தாவில் தேங்காப்பட்டணம் துணி வியாபாரி கமருதீன். அவருடைய தாய்க்கு வாந்திபேதி கண்டபோது மூன்று நாள் பக்கத்திலிருந்து பார்த்தவர் யார் என்பதை மறக்காமல், கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த ஒருவரை நினைப்பதற்காகத்தான் அத்தனை பேரும் கூடியிருந்தோம். எங்கள் அப்பாவின் அக்கா, நேசபாய். நாங்கள் மாமி என்போம்.

ஆண்டு 1935. மாசி மாதம். ஊர், புதுக்கடைக்கு மேற்கே மருதங்கால்விளை.

மாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கறுப்புக் குடை ஒன்று, வேதப்புத்தகம் ஒன்று, மருந்து வைத்த தகர டப்பா ஒன்று. இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையில் புறப்பட்டால், விளைகளும், தோடு என்று நாங்கள் சொல்லும் ஓடைகளும் கடந்து, ஐந்து ஊர் நடந்து, விளக்கு ஏற்றும் நேரத்துக்குத் திரும்புவார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். சீக்காய்க் கிடப்பவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் வாசிப்பார். எங்கள் பக்கத்தில் அன்று ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்த பெண் அவர் ஒருவர்தான்.

கிறிஸ்மசுக்கு முந்திய வாரம் காய்ச்சலில் படுத்தார். பண்டிகைக்கு அவர் இல்லை.

அதற்குப் பிறகும் ஜெபகுமாரி விளக்கு ஏற்றும் நேரத்தில் வாசல் படிப்புரையில் போய் நிற்பாள். "யாரைப் பார்க்கிறாய்?" என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் நாங்களும் போய் நிற்க வேண்டியிருக்கும்.

மாமி சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். ஆராதனை முடியும்போது அதைத்தான் பாடுவோம்.

*பள்ளம் தாண்டி வந்தீர் ஐயா,*
*பாதை கண்டு வந்தீர் ஐயா,*
*யாரைத் தேடி வந்தீர் ஐயா?*

இந்த மூன்றாம் வரி முடிந்ததும் மாமி ஆர்மோனியத்தை நிறுத்திவிடுவார். ஒரு வரி பாடும் நேரம் சும்மா இருப்பார். பிறகுதான் அடுத்த வரி.

*வந்த கால்கள் தங்கும் ஐயா.*

எதற்கு அந்த நிறுத்தம்? யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. பத்து வருடமாக அப்படிப் பாடியே பழகிவிட்டது. ஆனால் சும்மா இருக்கும் நேரத்தில் மனிதனுக்குத் தொண்டை அரிக்கும் அல்லவா? ஆராதனை முழுவதும் அடக்கி வைத்த இருமலை எல்லாரும் அந்த இடத்துக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வார்கள். மூன்றாம் வரி முடியும். சபை முழுவதும் இருமும். நான்காம் வரி தொடங்கும். ஜெபகுமாரி அதில் கெட்டிக்காரி. அவள் இருமினால் பேபி அக்காவின் குழந்தை விழித்துக்கொள்ளும்.

பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. "மருதங்கால்விளைப் பாட்டு மூணு வரி நடக்கும், பின்ன இருந்து வெத்தல போடும்" என்பார்கள்.

எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்த்து யாரும் சிரிப்பது எங்கள் அப்பாவுக்குப் பிடிக்காது. எனக்கும்தான்.

தை மாதம் இஸ்ரவேல் உபதேசியார் எங்கள் சபைக்கு வந்தார். பூதப்பாண்டிப் பக்கத்துக்காரர். நல்ல குரல். தாளத்தில் மிகவும் கண்டிப்பு. காலால் தட்டிக்கொண்டேதான் பேசுவார். ஆர்மோனியத்தை இரண்டு கையாலும் வாசிப்பார் என்பதால், பின்னாலிருந்து துருத்தி போட அவருக்கு ஓர் ஆள் வேண்டும்.

"கை ஒரே சீரா ஆடணும். யாருக்கு முடியும்?" என்று கேட்டார்.

"எனக்கு முடியும் அய்யா. பேபி அக்காக்க பிள்ளைய நான்தான் தொட்டில் ஆட்டுவேன்" என்றாள் ஜெபகுமாரி.

நினைவு ஆராதனைக்காக மாலைதோறும் பாட்டுப் பழக்கம் நடந்தது. முதல் நாளே உபதேசியார் சொல்லிவிட்டார்.

"மூணாம் வரி முடிஞ்சதும் நிக்கப்படாது. நேரா நாலாம் வரிக்கு வரணும்."

ஜெபகுமாரி துருத்திக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினாள். "அய்யா, அங்க மாமி நிறுத்துவாங்க."

"நிறுத்துவாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எதுக்கு நிறுத்துவாங்க?"

ஜெபகுமாரி துருத்தியின் ஓரத்தைச் சுரண்டினாள்.

"அவங்களுக்கு இளைப்பு இருந்ததாம். மூச்சு வாங்க நிறுத்தியிருப்பாங்க. குத்தம் சொல்லல. ஆனா அவங்க இளைப்ப நாம பாட்டுல சேத்துப் பாடலாமா? காரணம் இல்லாத நிறுத்தம் தாளத்துல ஒரு குழி, கேட்டியா?"

அவள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முறையிட்டாள்.

"உபதேசியாரு சொல்லுகதுதான் சரி" என்றார் அப்பா. "அக்காள நெனச்சுப் பாடுக அன்னைக்கு ஒருத்தனும் வாயப் பொத்திச் சிரிக்கப்பிடாது."

நான் அப்பா பக்கம்தான் பேசினேன். அதை மறைக்க மாட்டேன்.

மாமி தாமே வாசித்து, தாமே துருத்தி போடுவார். அதனால் ஆர்மோனியத்தின் பின்பக்கம், வடக்கு ஜன்னலை ஒட்டி, அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. இரண்டாம் நாள் பழக்கத்தில், மூன்றாம் வரி முடியும்போது, ஜெபகுமாரியின் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்னைத் தேடி…"

அதற்குள் எல்லாரும் நான்காம் வரியைப் பாடத் தொடங்கிவிட்டார்கள். குரல் அதில் அமுங்கிப்போனது. அடுத்த சரணத்திலும் அதே இடத்தில், "என்னைத்…" என்று தொடங்கி நின்றது. மூன்றாவது சரணத்தில் தொடங்கவே இல்லை.

பாட்டு முடிந்ததும் ஜெபகுமாரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பூவரச மரத்தடியிலிருந்து ஒரு பெண், சேலையால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, தோட்டுப் பக்கம் நடந்துபோய்க்கொண்டிருந்தார். ஜெபகுமாரி பின்னாலேயே ஓடினாள்.

"நில்லு. அங்கனயே நில்லு" என்றார் அந்தப் பெண், திரும்பாமலே. "கிட்ட வரப்பிடாது மக்கா. எனக்குப் பெருவியாதி."

தொழுநோயை அன்று அப்படித்தான் சொல்வார்கள். இன்றுபோல் அன்று அதற்கு நல்ல மருந்து கிடையாது. மருந்தைவிடப் பயம்தான் அதிகம். ஜெபகுமாரிக்கும் பயமாக இருந்தது. ஆனால் சொன்ன இடத்தில் நின்றாள். திரும்பிப் போகவில்லை.

"நீ நேசத்துக்க மருமவளா?"

"ஆமா."

"மூக்கப் பாத்தாலே தெரியுது."

"நீங்க எதுக்கு எங்க பாட்டப் பாடுகிய?"

"உங்க பாட்டா?" அந்தப் பெண் சிரித்தார். குரல் கரகரத்தது. "அதுல ஒரு வரி எனக்குள்ளதாக்கும்."

அவர் பெயர் இசபெல். சிறு வயதில் மிஷன் போர்டிங் பள்ளியில் மாமியும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள். மாமி கேள்விபோல ஒரு வரி பாடினால், இசபெல் பதில்போல ஒரு வரி பாடுவாராம். பிறகு இசபெல் கல்யாணமாகித் தூர ஊருக்குப் போனார். நோய் வந்தது. அந்த வீட்டில் அவருக்கு இடம் இல்லாமல் போனது. கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, அதாவது 1924-இல், வந்த வெள்ளத்தில் அவருடைய குடிலும் போனது. மாமி அவரைத் தேடிப் பிடித்து, எங்கள் ஊர்த் தோட்டின் அக்கரையில் ஓலைக்குடில் ஒன்று கட்டிக்கொடுத்தார். கஞ்சி கொண்டுபோனார். கையிலும் காலிலும் மரோட்டி எண்ணெய் தடவிவிட்டார். சில நாள் மாலையில் மாமி சற்றுத் தாமதமாக வந்ததெல்லாம் அதனால்தான். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது.

"'கோயிலுக்குள்ள வாட்டி, நான் பேசிக்கிடுகேன்'னா நேசம்" என்றார் இசபெல். "நான் வரல. என்னக் கண்டு ஒருத்தி எந்திச்சுப் போனாலும் எனக்குத் தாங்காது மக்கா. அப்பந்தான் இந்தப் பாட்டக் கட்டினா. 'நீ உள்ள வராண்டாம், உனக்க வரி உள்ள வரட்டு'ன்னா."

"அதுக்குத்தான் நிறுத்துவாங்களா?"

"பின்ன? நிறுத்திட்டு சன்னலப் பாத்துத் திரும்புவா. நான் பாடி முடிச்ச பொறவுதான் கட்டையில கை வைப்பா. பத்து வருசம், ஒரு ஞாயித்துக்கிழம தப்பல."

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கலியே பெரியம்மை."

"எப்பிடிக் கேக்கும்? நீங்க எல்லாரும் இருமுவியளே."

ஜெபகுமாரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுலயும் ஒரு பிள்ள, அம்மாடி, சங்கு ஊதுகது மாதிரி இருமும். அது யாருக்க பிள்ளன்னு தெரியல" என்றார் இசபெல்.

"தெரியல பெரியம்மை" என்று சொல்ல வாய் எடுத்தாள். எங்கள் வீட்டில் பொய் சொல்லும் வழக்கம் இல்லை. "நான்தான்" என்றாள்.

இசபெல் மறுபடியும் சிரித்தார். பிறகு சேலையை இழுத்து மூடிக்கொண்டார்.

"நேசம் போன பொறவும் நான் வந்து நிப்பேன். ஆர்மோனியம் இல்லாட்டியும், பழக்கத்துல நீங்க நிறுத்துவிய. நான் பாடுவேன். பாடும்போ, அவ உள்ள இருக்கது மாதிரியே இருக்கும். இப்பம் உபதேசியாரு ஓடுகாரு. எனக்க கால் அந்த வேகத்துக்குப் போவாது."

"நான் அவருட்ட சொல்லுகேன்."

"சொல்லப்பிடாது. நான் இஞ்ச வந்து நிக்கியேன்னு தெரிஞ்சா, நிக்க இந்த மரத்தடியும் இல்லாம ஆவும். ஒருத்தருட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு."

"சொல்லமாட்டேன்" என்றாள் ஜெபகுமாரி.

இப்போது அவள் பாடு கஷ்டமாகிவிட்டது. காரணம் தெரிந்தது, சொல்லத்தான் முடியாது. மறுநாள் உபதேசியாரிடம் மறுபடியும் போய் நின்றாள்.

"அய்யா, அந்த நிறுத்தம் வேணும். அது இளைப்பு இல்ல. காரணம் உண்டும்."

"என்ன காரணம்?"

"சொல்லப்பிடாது."

உபதேசியார் காலால் இரண்டு தட்டுத் தட்டினார். "நல்ல காரணம்தான். போ, துருத்தியப் பிடி."

வீட்டில் என்னிடம் வந்தாள். "அக்கா, நீயாவது அப்பாட்ட சொல்லேன்."

"ஏட்டி, மாமியப் பாத்து நாலு பேரு சிரிக்கணுமா உனக்கு?" என்று கேட்டேன்.

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை அவள் தோட்டின் இக்கரையில் நின்று கூப்பிட்டாள். கையில் அம்மை அவித்த மரச்சீனிக் கிழங்கு இருந்தது. அதை வாழையிலையோடு ஒரு கல்லின் மேல் வைத்தாள்.

"பெரியம்மை, நாளைக்கு மரத்தடிக்கு வாருங்க. வந்து பாடுங்க."

"எங்க பாட? நிறுத்தம் இல்லியே மக்கா."

"உண்டும்."

"ஆரு நிறுத்துவா?"

"உண்டும் பெரியம்மை. ஆனா நாளைக்கு ஒருத்தரும் இருமமாட்டாவ. உள்ள எல்லாருக்கும் கேக்கும். அதையும் சொல்லணும்லா, அதுக்குத்தான் வந்தேன். வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க."

இசபெல் அக்கரையில் தண்ணீர் ஓரம் வரை இறங்கி வந்தார்.

"கேக்கட்டு" என்றார். "அவளுக்க பேருல பாடுகதுதானே."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் முதலில் சொன்ன அத்தனை பேரும் கூடினார்கள். ஜெபம் நடந்தது. அப்பா எழுந்து தன் அக்காவைப் பற்றி நான்கு வாக்கியம் பேசினார். ஐந்தாவது வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். பிறகு பாட்டு.

ஆர்மோனியத் துருத்தியை நிறுத்தினாலும் உள்ளே இருக்கிற காற்றில் கொஞ்ச நேரம் சத்தம் வரும். எவ்வளவு நேரம் வரும் என்று என் தங்கை ஒரு வாரமாகக் கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். மூன்றாம் வரியின் பாதியிலேயே துருத்தியை மூடிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரைத் தேடி வந்தீர் ஐயா?"

வரி முடிந்தது. ஆர்மோனியம் ஒருமுறை முனகி அடங்கியது. உபதேசியாரின் விரல்கள் கட்டைகளின் மேல் ஓடின, சத்தம் வரவில்லை. எங்கள் சபை பழைய பழக்கத்தில் சட்டென்று நின்றுவிட்டது. ஆனால் இந்த இடத்தில் நிறுத்தம் வரும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனால் இருமல் ஒன்றும் தயாராக இல்லை.

கோவில் நிசப்தமாக இருந்தது. வடக்கு ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்னைத் தேடி வந்தீர் ஐயா."

கரகரத்த குரல். ஆனால் சுருதி விலகவில்லை. கேள்விக்கு அதுதான் பதில். பத்து வருடம் நாங்கள் கேள்வியை மட்டும் பாடியிருக்கிறோம்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மை என் கையைப் பிடித்தார். முன்வரிசையில் யாரோ அழுதார்கள்.

உபதேசியாரின் கால் மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் எட்டாவது தட்டில் முடிந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அவர் ஜெபகுமாரியைப் பார்த்தார். அவள் துருத்தியில் கை வைத்தாள். நான்காம் வரி அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

இரண்டாவது சரணத்தில் அவள் கையை எடுக்கவில்லை. மூன்றாம் வரி முடிந்ததும் உபதேசியாரே இரண்டு கையையும் கட்டைகளிலிருந்து தூக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பினார். மூன்றாவது சரணத்திலும் அப்படியே.

ஆராதனை முடிந்ததும் அப்பா அவளிடம் வந்தார். "நீ எதுக்குக் கைய எடுத்த?"

"அது மாமி நிறுத்துக எடம் அப்பா."

அப்பா கோவிலைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போனார். நாங்கள் பின்னால் போனோம். இசபெல் அதற்குள் நாலைந்து அடி நடந்திருந்தார்.

"அம்மா, நில்லுங்க" என்றார் அப்பா. "உங்க பேரு?"

"இசபெல்."

"அக்கா உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"நான் சொல்லப்பிடாதுன்னேன். இவளுட்டயும் அதத்தான் சொன்னேன். இவளும் வாய் தெறக்கல."

அப்பா ஜெபகுமாரியைப் பார்த்தார். தன் பரம்பரை மூக்கைத் தடவிக்கொண்டார். "எங்க குடும்பத்துல சொன்னாச் சொன்னதுதான்" என்றார்.

உபதேசியாரும் வந்து நின்றார். இசபெலுக்கு வணக்கம் சொன்னார். "இளைப்புன்னு நான் சொன்னது தப்பு" என்று அப்பாவிடம் சொன்னார். அதை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பூவரச மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. எங்கள் வீட்டுப் பெஞ்சு. அப்பா தம் தலையிலேயே சுமந்துகொண்டு வந்து போட்டார். உபதேசியார் ஆராதனைக்கு முன் ஓர் அறிவிப்புச் செய்தார்: "மூணாம் வரிக்குப் பிறகு எட்டு எண்ணணும். இருமுறவங்க இப்பவே இருமிக்கிடுங்க." சபை முழுவதும் கீழ்ப்படிந்து இருமியது.

இசபெல் கோவிலுக்குள் வரவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சு வாரம் ஒரு சாண் ஜன்னலை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. யார் நகர்த்துவது என்று கேட்டால், ஜெபகுமாரி வேறு எங்கோ பார்ப்பாள். அந்த வருடம் அறுப்பின் பண்டிகைக்குள் பெஞ்சு சுவரை ஒட்டிவிட்டது.

கடைசியாக ஒன்று. அன்றைய நினைவு ஆராதனையில், இறந்துபோன நேசபாயின் குரல் கோவிலில் கேட்டது என்று புதுக்கடைச் சந்தை வரைக்கும் இன்றும் ஒரு பேச்சு உண்டு. நான் அங்கே இருந்தேன். அந்தக் குரலை இன்னும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர்கள் அங்கே இரண்டு பேர்தான்: ஒருத்தி துருத்தியின் பின்னால் இருந்தாள், இன்னொருவர் மரத்தடியில் நின்றார். ஆனாலும் சொல்கிறேன். மாமியின் குரல் கேட்கவில்லை. மாமி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாடியவர் இசபெல்.